பக்கீரின் கைக்கு எல்லாமே காய்ச்சல்

பக்கீரின் கையை நம்பி ஒரு காரியமும் செய்யக்கூடாது என்பது அவன் வீட்டில் எப்போதோ முடிந்துபோன கதை. உள்துறைமுகத்து ஐஸ் ஆலையில் பாளம் பாளமாக ஐஸ் தூக்கி, மரத்தூளில் புதைத்து, சாக்குச் சுற்றி, மீன் லொறிகளில் ஏற்றுகிறவன் அவன். வேலை முடிந்து வரும்போது விரல்கள் வெளுத்து விறைத்து, வேறு யாருடைய கையோ தன் தோளில் தொங்குவது போலிருக்கும். அந்தக் கையால் எதைத் தொட்டாலும் சுடும். சுவர் சுடும், குடத்துத் தண்ணீர் சுடும், மகள் பரீனாவின் நெற்றியோ கொதிக்கும்.

தொடாமல் இருக்கவும் அவனால் ஏலாது. மூத்த மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். சைக்கிளைச் சாத்தியதும் சாத்தாததுமாகப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்து, "அல்லாவே, நெருப்பாச் சுடுதே!" என்று அலறுவான். ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிவிட்டான். அங்கே அவள் நர்ஸ் மிஸ்ஸியின் வெள்ளைத் தொப்பி தனக்கு வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பவதி மிஸ்ஸி காய்ச்சல் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்டுமில்லை, வாப்பாவுக்குத்தான் ஏதோ" என்று அனுப்பிவைத்தாள். மானம் கப்பலேறியது. அன்றைக்கு மனைவி நஜ்முன் நிஸா ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமே புள்ளைக்குக் காச்சலா இல்லையா எண்டு நான் சொல்லுவன். நீங்க உங்கட கையை மடியில வச்சுக்கொண்டு சும்மா இரிங்க."

அது பேக்கரி வாசலில் பாணுக்கு ஊரே வரிசையில் நின்ற பஞ்ச காலம். மாரி மழை கொட்டிய ஒரு பின்னேரம் பக்கீர் வீட்டுக்கு வந்தபோது, பரீனா இரண்டு போர்வைக்கும் ஒரு சேலைக்கும் அடியில் கிடந்தாள். கட்டிலருகே நெருப்புச் சட்டி.

"பாண் வரிசையில என்னோட நிண்டு நனைஞ்சிட்டாள். குளிருது குளிருது எண்டு ஒரே அழுகை. கையும் காலும் பச்சத்தண்ணி" என்றாள் நிஸா. பிள்ளையின் ஈர நெற்றியில் தைலத்தை வேறு அப்பியிருந்தாள்.

பக்கீர் சட்டத்தை மறந்து நெற்றியைத் தொட்டான். "சுடுது புள்ள!"

"உங்களுக்கு எப்பதான் சுடாம இருந்தது?"

அதுவும் நியாயம்தான். அவன் வலது கையை நெருப்புச் சட்டியின் மேல் பிடித்தான். விரல்களுக்குள் இரத்தம் திரும்பி வந்து குத்தியது, கடித்தது, கை சிவந்து வீங்கியது. அந்தக் கையால் மகளின் பாதத்தைப் பிடித்தான். ஐஸ்! இன்னும் விறைப்பு விடாத இடது கையை மறுபாதத்தில் வைத்தான். சுவர்கூடச் சுடும் அந்தக் கைக்கு, மகளின் கால் சுடவில்லை. ஒரே பிள்ளை நெற்றியில் நெருப்பாகவும் காலில் ஐஸாகவும் எப்படி இருப்பாள்? எந்தக் கை பொய் சொல்கிறது? தலை சுற்றியது.

"கால் குளிருதுதானே, அதைத்தானே சொல்றன். அந்தச் சாக்குப் போர்வையையும் எடுத்துப் போடுங்க" என்றாள் நிஸா.

எடுத்தான். ஆலையில் சுற்றிப் பழகிய கை, அதே போலப் பிள்ளையையும் சுற்றத் தொடங்கியது. பாதியில் நின்றது. சாக்குக்கு மேலே தொட்டால் உள்ளே ஐஸ் இருப்பதே தெரியாது. தெரியவேண்டுமானால் மரத்தூளுக்குள் கையை விடவேண்டும். இது அவனுக்குத் தினமும் தெரிந்த விஷயம். ஆனால் பிள்ளை என்ன ஐஸ் பாளமா? அப்படி நினைக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"நிஸா, உன்ட கையை உள்ளுக்கு விட்டு வயித்தில வை. என்ட கை வேணாம்."

சலித்துக்கொண்டே கையை விட்டவள், அடுப்பைத் தொட்டவள் போல இழுத்துக்கொண்டாள். "யா அல்லாஹ்!" பரீனாவின் கண்கள் மேலே செருகிக்கொண்டிருந்தன.

பக்கீர் போர்வைகளைப் பிடுங்கி எறிந்தான். நிஸா ஒன்றை எடுத்து மறுபடி போர்த்தினாள். அவன் பிடுங்கினான். குளிரில் நடுங்குகிற பிள்ளையா, எரிகிற பிள்ளையா என்று இருவருக்குமே விளங்கவில்லை. கடைசியில் ஒரு சேலையோடு அவளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினான்.

புஷ்பவதி மிஸ்ஸி அவனைக் கண்டதும் சிரிக்க வாயெடுத்தாள். பிள்ளையைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. டொக்டர் வந்து ஊசி போட்டார். ஈரச் சேலையை உருவி எறிந்து, மெல்லிய விரிப்பு ஒன்றை மட்டும் போட்டுவிட்டாள் மிஸ்ஸி.

"காய்ச்சல் ஏறேக்க ரத்தம் தோலை விட்டிட்டு உள்ளுக்குப் போயிடும். சூடு வெளியால போகாமல் உள்ளுக்கையே நிக்கும். அதுதான் கை கால் குளிருது. ஐஸுக்குள்ள உங்கட கை வெளுக்குதெல்லே, அங்கையும் ரத்தம் இதைத்தான் செய்யுது. சூட்டை வெளியால விடாமல் காக்குது."

"அப்ப மிஸ்ஸி, இவள்ட கால் சுடோணுமா, குளிரோணுமா?"

"சுடோணும். ரத்தம் காலுக்குத் திரும்பி வந்து சூட்டை வெளியில விட்டாத்தான் உடம்பு ஆறும்."

பக்கீருக்கு உலகமே தலைகீழாயிற்று. இத்தனை காலமும் சுடக்கூடாதே என்று துஆக் கேட்டவன், இப்போது சுடவேண்டுமே என்று கேட்கவேண்டும். படைத்தவனுக்கே குழம்பிப்போகுமே என்று பயந்தான். மகளின் இரண்டு பாதங்களையும் கைக்குள் பொத்திக்கொண்டு, "யா றப்பே, சுடட்டும், சுடட்டும்" என்று முணுமுணுத்தான். சுட்டதா இல்லையா என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. பயத்தில் அவன் கை ஆலையில் இருந்ததைவிட அதிகமாக விறைத்திருந்தது.

விடியும்போது மழை ஓய்ந்திருந்தது. பிள்ளையின் விரிப்பு வேர்வையில் நனைந்திருந்தது. திடீரென்று இரண்டு பாதங்களும் அவன் கையை உதைத்துத் தள்ளின.

"வாப்பா, கையை எடுங்க. உங்கட கை ஐஸாக் குளிருது" என்றாள் பரீனா.

அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி பக்கீர் விம்மி விம்மி அழுதான்.