விருந்தாளியின் வேர்

ராஜையன் சாருக்குப் பொன்னாடை போர்த்த பெமிலாவைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். "நம்ம பழைய ஸ்டூடண்டாக்கும்," என்று அவர் மைக்கில் சொன்னதும் தக்கலைக் கல்லூரியின் அரங்கம் கைதட்டியது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, உடன் வேலை பார்க்கும் சபிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். படிப்பை விட்டுவிட்டுச் சொந்த ஊரான புதுக்கடைக்குத் திரும்பினாள். அவள் கொடுத்துவிட்டு வந்த அத்தியாயம் பிறகு ராஜையன் பெயரில் புத்தகமாக வந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் வளர்த்த நாய்கூட இருந்தது, அவள் இல்லை. ரப்பர் பாலில் ஆசிட் விட்டதுபோல அன்றைக்கு அவளுக்குள் ஏதோ உறைந்தது. இப்போது இங்கே கெஸ்ட் லெக்சரர். வருடந்தோறும் யார் தயவிலாவது வேலை நீள வேண்டும்.

ராஜையன் பேசத் தொடங்கினார். திரையில், அந்த அத்தியாயத்துக்காக அவள் வரைந்த சொல் மரம் விரிந்தது. அடியில் 'கோஸ்தி'. எந்த ஏட்டிலும் இல்லாத, மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த ஆதி இந்தோ-ஐரோப்பிய வேர். வெளியிலிருந்து வந்தவன் என்று பொருள். அவனே ஆங்கிலத்தில் 'கெஸ்ட்', ரஷ்ய மொழியில் 'கோஸ்த்', இரண்டிலும் விருந்தாளி. லத்தீனில் 'ஹோஸ்திஸ்' ஆனபோது பகைவன்.

"வாசல்ல நிக்கிறவன் யாருன்னு வீட்டுக்காரன்தான் முடிவு செய்யுதான்," என்றார் ராஜையன். அந்த வாக்கியம் தனக்குத் தோன்றிய நாளில் பெமிலா சாப்பிடவே மறந்திருந்தாள்.

மேல் கிளையில் பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தது. ஓசையை நம்பி அவள் செய்த பிழை. திருத்துவதற்குள் ஊருக்கு வரவேண்டியதாயிற்று.

கேள்வி நேரத்தில் அவள் எழுந்தாள். சபிதா சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரி. அடுத்த மாசம் உன் ஆர்டர் வரணும்."

"சார், பேய் எப்படி அந்த மரத்துல ஏறிச்சு? அதுக்கு வேர் வேறல்லா?"

ராஜையன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கிருந்து எடுத்தார் என்று இனி அவர் சொல்லியாக வேண்டும். அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அவர் சிரித்தார். "பிள்ளை சொன்னது சரியாக்கும். அது என் தப்புதான். நானும் மனுசன்தானே?"

அரங்கம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. கல்லூரி முதல்வர் நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார். அவள் தப்பையும் ராஜையன் எடுத்துக்கொண்டுவிட்டார். அதையும் விடவில்லை.

"ஏட்டி, போதும்," என்றாள் சபிதா.

கைதட்டல் அடங்கும்வரை பெமிலா நின்றாள்.

"இல்ல சார். அது உங்க தப்பில்ல. என் தப்பு. அந்த மரமே நான் வரைஞ்சது. நான் செய்த தப்பு அப்பிடியே உங்க புக்குல கெடக்கு."

யாரோ இருமினார்கள். முதல்வர் மைக்கை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். ராஜையன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். அது திறக்கவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினார். மேடையில் இருந்த யாரும் வாங்கித் திறந்து கொடுக்கவில்லை. பெமிலா உட்காராமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.