மங்களேஸ்வரியின் துவக்கு

மங்களேஸ்வரி ரீவி கேம் விளையாடுவாள். வயது முப்பத்திரண்டு, நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம், கலியாணமாகி ஆறு வருசம், பிள்ளை இல்லை. இவ்வளவையும் ஒன்றாய்ச் சேர்த்துச் சொன்னால் கண்டித் தமிழ்ச் சனம் முகத்தைச் சுளிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சுளித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அப்படி இருக்க முடியாதவர் அவளுடைய கணவர். மகேந்திரராசா கணக்கு வாத்தியார். கட்டுகஸ்தோட்டை வீதியில் நடந்தால் நாலு பேர் "மாஸ்டர்" என்று கும்பிட்டு வழிவிடுவார்கள். அந்தக் கும்பிடு குறைந்துவிடுமோ என்று அவருக்கு எந்நேரமும் பயம். அவள் ரீவியோடு பூட்டுகிற விளையாட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர் எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் ரீவிக்குக் கீழே தொங்கும் வயரைப் பார்த்துவிட்டால், கேட்காமலே விளக்கம் வரும்: தங்கச்சியின் பிள்ளை வந்தால் விளையாடுவதற்கு வாங்கி வைத்தது. தங்கச்சி கனடாவில் இருந்தாள். அவளுடைய பிள்ளை இலங்கையைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்? என்ர சம்பளத்திலை வாங்கினது, எனக்கு விருப்பம், விளையாடுறன். குடிக்கிறனா, சூதாடுறனா?"

"குடிச்சால்கூடச் சனம் விளங்கிக்கொள்ளும். இதை என்னெண்டு நான் சொல்லுறது, சொல்லும் பாப்பம்?"

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பதினெட்டு வயதில் பிடித்தது. கப்பலில் வேலை செய்த அண்ணன் சிங்கப்பூரிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். தீப்பிடித்த மாடி வீடு, யன்னலால் குதிக்கிற ஆட்கள், கீழே வலையோடு ஓடித் திரிகிற இரண்டு பேர். குதிப்பவனை நிலத்தில் விழவிடாமல் ஏந்த வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருசம், எண்பத்துமூன்றில், தமிழரை அடித்து எரித்த ஆடிக் கலவரம் கண்டிக்கும் வந்தது. அம்மா சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டு நிற்க, மங்களேஸ்வரி அலுமாரியிலிருந்து அந்த விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பின்மதிலால் ஏறிக் குதித்தாள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தன் களஞ்சிய அறைக்குள் அவர்களைப் பூட்டி வைத்திருந்த இரண்டு நாளும், அது கீச்சென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பற்றரியைக் கழற்றிச் சட்டைப் பொக்கற்றில் வைத்திருந்தாள். வீடு எரிந்து கரியானது. நகைப் பெட்டியை விட்டுவிட்டு இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்று அம்மா சாகும்வரை திட்டினாள்.

அகதி முகாமாகிப்போன பள்ளிக்கூடத்தில் அவள் பற்றரியைத் திரும்பப் போட்டாள். குதித்தவர்களை ஒவ்வொருவராக ஏந்தினாள். ஒருத்தரையும் விழவிடவில்லை. இனி இதை ஆருக்காகவும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வந்து போயின. இப்போது அவளுக்கு முதல் பிரியம் கட்டை விழுகிற விளையாட்டு. மேலேயிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்குவது, படம் வரைகிறவளின் கைக்கென்றே செய்தது போல இருந்தது. ஆமித் தாங்கிகள் ஒன்றையொன்று சுடுகிற விளையாட்டுக் கசட்டும் இருந்தது, அதை அவள் தொடுவதில்லை. வடக்கில் ஓடுகிறது போதாதென்று வீட்டுக்குள்ளும் தாங்கியா? அடுத்த பிரியம் பறந்து எழும்புகிற தாரா வாத்துகளைச் சுடுவது. அதற்கென்று பெட்டியோடு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துவக்கு வந்தது. தூரத்தில் பார்த்தால் அசல் பிஸ்டல்தான். அந்தத் துவக்குக்குப் பிறவியிலேயே ஒரு நொட்டை. நேரே குறி பிடித்தால் படாது, ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். தப்பினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழும்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்த நாயின் சிரிப்பைத் தாங்க மாட்டாமலே அவள் நொட்டையைக் கண்டுபிடித்தாள்.

கிரிக்கெற் உலகக் கிண்ணத்தை வென்று நாடே வெடி கொளுத்திய தொண்ணூற்றாறாம் வருசம், ஒரு சனிக்கிழமை. மங்களேஸ்வரி சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு வந்தபோது வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அலுமாரி உடுப்பெல்லாம் நிலத்தில். ரீவிக்குக் கீழே பெட்டியைக் காணோம். முன்வீட்டிலிருந்து பாயிஸா முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடிவந்தாள். வீடு அவளுடையது, பின்பக்கத்தை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

"பொலிஸ் வந்தாங்க தங்கச்சி. மாஸ்டரக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. எல்லாம் என்ட வாயால வந்த வின!"

நடந்தது இதுதான். குண்டு எங்கே வெடித்தாலும் தமிழ் வீடுகளைச் சோதிப்பது அப்போது வழக்கம். வீட்டில் இருப்பவர்களின் பெயரை எழுதிப் பொலிஸில் பதிந்து, வீட்டுச் சொந்தக்காரரும் அதில் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். வந்த கொன்ஸ்டபிள் அலுமாரிக்குள் துவக்கைக் கண்டு ஒருகணம் திகைத்து, பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் சிரித்திருக்கிறான். இது ஆருடையது என்று சும்மா கேட்டிருக்கிறான். மகேந்திரராசாவுக்கு அஞ்சு வருசப் பழக்கம் நாக்கில் வந்துவிட்டது.

"பிள்ளையின்ர."

கொன்ஸ்டபிள் பட்டியலைப் பார்த்தான். பட்டியலில் இரண்டு பெயர்தான். பிள்ளை எங்கே? ஏன் பதியவில்லை? பாயிஸாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அல்லாஹ் மேல் ஆணையாக உண்மையைச் சொன்னாள், இந்த வீட்டில் பிள்ளையே கிடையாது என்று. அப்படியென்றால் பதியாமல் ஆரையோ வைத்திருக்கிறீர்கள், அந்த ஆள் எங்கே என்று மாஸ்டரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பெட்டியும் துவக்கும் சாட்சிப் பொருளாகக் கூடவே போயின.

மங்களேஸ்வரிக்கு முதலில் வந்தது கண்ணீரில்லை, கோபம். பொலிஸ் மேலும் கோபம், புருசன் மேல் அதைவிடக் கோபம். மரக்கறிப் பையை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். பாயிஸா பின்னால் ஓடினாள்.

பொலிஸ் நிலையத்து விறாந்தையில் மகேந்திரராசா நிலத்தில் குந்தியிருந்தார். மூக்குக் கண்ணாடியையும் இடுப்புப் பட்டியையும் வாங்கி வைத்திருந்தார்கள். நாலு பேர் கும்பிடும் மனிதன் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி அவளைப் பார்த்து எழும்பினார். அந்தக் கோலத்தைக் கண்டதும் அவளுடைய கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. மிச்சப் பாதி கரையவில்லை.

பாயிஸா அவள் காதுக்குள் சொன்னாள். "என்ட பேத்தி ஈக்கிறா தானே, அலவத்துகொடயில. அவட சாமான், இங்க வந்தா வெளாடுவா எண்டு நான் செல்லுறேன். வேல முடிஞ்சி."

"ஓம், அப்பிடியே சொல்லும்," என்றார் மகேந்திரராசா. "தயவுசெய்து சொல்லும் மங்களம். பொலிசுக்குள்ளையும் என்ர மானத்தை வாங்காதையும்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் ஒரு பொய்யால் வந்த வழக்கு இது. நாளைக்கு அலவத்துகொடைக்கு ஜீப் போய் அந்தப் பிள்ளையை விசாரித்தால்? இது அவள் தனக்கே சொல்லிக்கொண்ட நியாயம். அதைவிடப் பெரிய நியாயம் நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருசம் இல்லாத பிள்ளையின் பின்னால் ஒளித்திருப்பது?

"மாட்டன்," என்றாள். "நான் களவெடுக்கேல்லை."

இன்ஸ்பெக்டரின் மேசையில் பெட்டி இருந்தது, வயர்கள் பாம்புபோலச் சுருண்டபடி. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. கண்டியில் பிறந்தவளுக்கு அதில் தடக்கில்லை.

"பிள்ளை எங்கே?"

"பிள்ளை இல்லை."

"அப்போ இது யாருடையது?"

"என்னுடையது."

இன்ஸ்பெக்டர் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் களுக்கென்று சிரித்தான்.

"புருசன் பிள்ளையின் சாமான் என்கிறார். வீட்டுச் சொந்தக்காரி பிள்ளையே இல்லை என்கிறாள். நீ அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற பொம்பிளை, இந்த விளையாட்டுச் சாமான் உன்னுடையது என்கிறாய். நான் எதை எழுதுவது? யாரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

"அதோ ரீவி இருக்கிறது. விளையாடிக் காட்டுகிறேன்."

சுவர்த் தட்டில், உலகக் கிண்ணம் பார்க்கவென்று கொண்டுவந்த கலர் ரீவி பிளாஸ்டிக் மாலையோடு இருந்தது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அன்ரனா வயரைக் கழற்றிவிட்டுத் தன் வயரைச் செருகினாள். பெட்டிக்குள் இருந்த கசட்டைக் கழற்றி ஒருதரம் ஊதிப் போட்டாள். படம் வந்தது. கீழே இறங்கிச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு துவக்கைத் தூக்கினாள். பின்னால் எவனோ ஒருத்தன் தன் அசல் துவக்கில் கைவைக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நில்," என்றார் இன்ஸ்பெக்டர். "முதலில் நான்."

துவக்குப் பிடித்துப் பழகிய கை. ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, அழகாகத்தான் சுட்டார். பத்துத் தாராவும் பத்திரமாகப் பறந்து போயின. ஒவ்வொரு தரமும் நாய் எழும்பி எழும்பிச் சிரித்தது. கொன்ஸ்டபிள்மார் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனுக்கு இருமல் வந்தது.

துவக்கு அவளிடம் வந்தது. வாசலில் நின்ற மகேந்திரராசா தமிழில் மெல்லச் சொன்னார்.

"மங்களம், எல்லாத்தையும் சுட்டுப்போடாதையும். பேந்து எங்கை பழகினனீர் எண்டு கேப்பாங்கள்."

நியாயமான புத்திமதி. தமிழ்ப் பொம்பிளைக்குக் குறி தவறாத கை இருப்பது அந்த வருசத்தில் நல்லதல்ல. நாலைந்தை விட்டுவிடலாம் என்று அவளும் ஒருகணம் நினைத்தாள். முதல் தாரா எழும்பியது. அந்த நாய் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சுட்டாள், விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பத்தும் விழுந்தன. இரண்டாம் சுற்றிலும் பத்து, மூன்றாம் சுற்றிலும் பத்து. நாய் செத்த தாராக்களைத் தூக்கிக் காட்டியதே தவிர ஒருக்காலும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார், கேட்பார் என்று எல்லோருக்கும் தெரிந்த அதே கேள்வியை.

"இந்தக் குறி எங்கே பழகியது?"

மகேந்திரராசா கண்ணை மூடிக்கொண்டார்.

"இது குறி இல்லை ஐயா. இந்தத் துவக்கு கோணல். நேரே பிடித்தால் படாது. ஒரு விரல் வலப்பக்கம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்."

இன்ஸ்பெக்டர் நம்பாமல் வாங்கிப் பிடித்தார். ஒரு விரல் தள்ளினார். தாரா பொத்தென்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவர் முகம் ஒருகணம் பொலிஸ் முகமாக இல்லை.

"வேறு துவக்கைத் தந்தால் எனக்கும் படாது," என்றாள் மங்களேஸ்வரி. "இதன் கோணல் இதோடு அஞ்சு வருசம் இருந்தவளுக்குத்தான் தெரியும். பிள்ளையும் இல்லை, ஒளித்த ஆளும் இல்லை. நான்தான்."

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். பிறகு பெரிய கொப்பியை இழுத்து எழுதத் தொடங்கினார். மாஸ்டரை விடலாம், பெட்டியைக் கொண்டுபோகலாம், துவக்கு மட்டும் விசாரணை முடியும்வரை இங்கே இருக்கட்டும். எழுதி முடித்துக் கொப்பியை அவள் பக்கம் திருப்பினார். அவள் வாசித்தாள். சிறுபிள்ளை விளையாட்டுச் சாமான் ஒன்று, என்று இருந்தது.

"இதில் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"சிறுபிள்ளை இல்லை. என் பெயரை எழுதுங்கள்."

"மங்களம்!" மாஸ்டரின் குரல் அழுகிற மாதிரி வந்தது. "வையும். வீட்டை போவம்."

அவள் பேனையை எடுக்கவில்லை. களஞ்சிய அறையில் பற்றரியைக் கழற்றியது போதும், இனிக் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'சிறுபிள்ளை' என்ற சொல்லை வெட்டினார்.

"முழுப் பெயரைச் சொல்லுங்க, மிஸ்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதினார்.

வீட்டுக்கு வந்து மகேந்திரராசா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், அந்தத் துவக்கு எவ்வளவு கோணல் என்று கேட்டார். ஒரு விரற்கடை என்றாள். தூரத்தைச் சொன்னால் எத்தனை பாகை கோணல் என்று கணக்குப் பார்த்துச் சொல்லலாம் என்றார். அவள் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தைக்குப் போகிற வழியில் அவள் இன்ஸ்பெக்டர் எழுதித் தந்த ரசீதோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் துவக்கைக் கேட்பாள். இன்னும் விசாரணை முடியவில்லை என்பார்கள். அடுத்த கிழமையும் போவாள்.

ஆவணியில் இன்னொரு சோதனை வந்தது. அன்றைக்கும் சனிக்கிழமை, அன்றைக்கும் அவள் வீட்டில் இல்லை. மரக்கறிப் பையோடு திரும்பியபோது பாயிஸா வாசலிலேயே நின்றாள்.

"பொலிஸ் வந்துட்டுப் போறாங்க, தங்கச்சி. புது ஆக்கள். ரீவிக்குக் கீழ பெட்டியில செவப்பு லைட் எரியிறதக் கண்டுட்டு, இது என்ன, யார்ட எண்டு மாஸ்டரக் கேட்டாங்க."

"என்ன சொன்னவர்?"

"என்ட பொஞ்சாதிட எண்டார். அவன் வயரக் கழட்டக் குனிஞ்சான். மாஸ்டர் கையப் புடிச்சிட்டார், தங்கச்சி! பொலிஸ்காரண்ட கைய! அவ வெளாட்ட நடுவுல நிப்பாட்டி வெச்சிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறா, ஓஃப் பண்ணினா எல்லாம் போயிரும், தொடாதீங்க எண்டு சத்தம் போட்டார்."

மங்களேஸ்வரி உள்ளே போனாள். யன்னல் சீலை திறந்திருந்தது. மகேந்திரராசா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. சிவப்பு வெளிச்சம் எரிந்தபடியே இருந்தது. அவள் பையை வைத்துவிட்டு ரீவியைப் போட்டாள். காலையில் விட்ட இடத்தில் கட்டை பாதி வழியில் அப்படியே நின்றது. நிலத்தில் உட்கார்ந்து, அதைத் திருப்பி இடைவெளிக்குள் இறக்கினாள்.