வட்டம் எந்தப் பக்கம்

வேலை போய் நான்கு மாதமாக வீட்டில் இருந்ததில் நான் முழுசாக முடித்த காரியம் ஒன்றுமில்லை. அதனால்தான் பாத்ரூம் வாஷ்பேசினுக்கு கான்கிரீட் மேடையை நானே வார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

என் மனைவியின் தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன் மாமா. கோணலா இருந்தா நானே கிரானைட் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றான். அவன் கிரானைட் போட்டால் பல் தேய்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் அவன் இளிப்புதான் எனக்குத் தெரியும்.

பழைய அலமாரிப் பலகையை அறுத்து, ஸ்க்ரூ முடுக்கி, நான்கடி நீளத்துக்கு அச்சுப்பெட்டி செய்தேன். பேசின் உட்காரும் துளைக்காக தெர்மோகோலை வட்டமாக வெட்டினேன். சுவரில் கழிவுக்குழாய் இடப்பக்கம் இருக்கிறது. ஆனால் வார்க்கும்போது மேடையின் முகம் தரையைப் பார்த்துக் கிடக்கும். புரட்டினால் இடம் வலமாகிவிடும். இதையெல்லாம் இரண்டு நாள் யோசித்து வட்டத்தை வலப்பக்கம் ஒட்டினேன். காயட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தேன்.

மறுநாள் சிமென்ட் குழைத்தேன். வட்டம் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. மூன்றாவது வாளி கொட்டும்போதுதான் கண்ணில் பட்டது. இடப்பக்கம்!

"இதை யாரு மாத்துனது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "குழாய் இடப்பக்கம் இருக்கு, நீங்க வலப்பக்கம் ஒட்டி வச்சிருந்தீங்க. தம்பி சிரிப்பானேன்னு சத்தமில்லாம பிச்சு ஒட்டிட்டேன்."

"புரட்டுனா மாறும்னு கணக்குப் பண்ணி ஒட்டுனேன்டி!"

"அதை வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிரும்?"

சிமென்ட் இறுகிக்கொண்டிருந்தது. சட்டைக்கையை மடக்கிவிட்டுக் குழம்புக்குள் கையை விட்டு வட்டத்தைப் பிடுங்கப் போனேன். அவளும் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் கையை விட்டாள்.

"இருங்க, இருங்க. எனக்கு இது வலப்பக்கமாத்தானே தெரியுது?"

"எதிர்ல உக்காந்தா அப்படித்தான் தெரியும்."

"அதைத்தான் சொல்றேன். மேடையைச் சுத்தி வச்சா என்ன?"

கையை எடுக்காமல் யோசித்தேன். துளை முன்னும் பின்னும் சரிநடுவில். தண்ணீர்க் குழாய் சுவரிலிருந்தே வருகிறது, அதற்குத் தனித்துளை இல்லை. நான்கு ஓரமும் ஒன்றுபோல. அரைச்சுற்று சுற்றி வைத்தால் இடம் வலம், வலம் இடம். நான் ஒட்டியதும் சரி, அவள் ஒட்டியதும் சரி.

"அப்போ ரெண்டு நாளா நான் மண்டைய ஒடச்சுக்கிட்டது?"

"நல்லா இருந்துச்சு, வீடு அமைதியா இருந்துச்சு."

நான்கு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருந்து, ஞாயிறு காலை பெட்டியைப் பிரித்து, மூச்சுப்பிடித்துத் தூக்கி வைத்தோம். மச்சான் ரசமட்டத்தோடு வந்தான். வைத்துப் பார்த்தான். குமிழி நடுவிலேயே நின்றது. திருப்பி வைத்தான். அப்போதும் நின்றது. ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"மாமா, அந்தப் பெட்டிய ஒடச்சுட்டீங்களா?"

"பலகையெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஏன்?"

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வார்த்துக் குடுங்க. ஆனா எங்க வீட்ல குழாய் வலப்பக்கம். அதுக்கு வேற பெட்டி செய்யணுமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்புக் கோடுகூட இல்லை.

"அது பெரிய கஷ்டமாச்சேடா. மாமா ரெண்டு நாள் யோசிச்சுத்தான் சொல்லணும்."