சிவப்புத் துணி கட்டிய புட்டி

நாகவல்லி இன்னொரு குடத்தைத் தூக்கித் தம்பி வரதனின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் நெற்றியில் விழுந்து, மூடிய கண்களின் மேல் வழிந்து, வாசல் மண்ணில் ஓடியது.

"நல்லா ஊத்துடி. ராஜாவுக்குக்கூட இந்தத் தண்ணியில கடைசிக் குளியல் கெடைக்காது," என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா, அழுகைக்கு நடுவில்.

அதில் பொய்யில்லை. பாரிவாக்கத்தில் மற்ற கிணறுகளெல்லாம் உப்பு. ஒரு வாய் குடித்தால் அடுத்த பொங்கல் வரைக்கும் நாக்கு மடங்காது. நாகவல்லியின் அப்பா தசரதன் நாலு வருஷத்துக்கு முன் கொல்லையில் வெட்டிய கிணறு மட்டும் தேன். பூந்தமல்லி மிட்டாய்க்கடைக்காரர் அதில் ஒரு சொம்பு குடித்துவிட்டு, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று கடையை விற்கப் போனார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்க மறந்து, தண்ணீருக்காகவே தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட சுத்தம்! ஒரு தவளை கிடையாது. ஒரு மீன் குஞ்சு கிடையாது. பாசிகூடப் பிடிக்காது.

"என் கெணத்துல குடியிருக்கத் தவளைக்குக்கூட யோக்கிதை பத்தல," என்பார் தசரதன்.

நாகவல்லி தம்பியின் கையைத் துடைத்தாள். உள்ளங்கை முழுக்கத் தேரையின் முதுகு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. ஏர் பிடித்த கையாக இருந்தால் சரி. வரதன் பிடித்ததெல்லாம் பேனா. அவள் அந்தக் கையைச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு மார்பின் மேல் மடக்கி வைத்தாள்.

வரதன் எம்.ஏ. படித்தான். ஒரு எம்.ஏ.வே ஊருக்குத் தாங்காது; அவன் படித்தது மூன்று படிப்பைச் சேர்த்து முறுக்கிய எம்.ஏ. பூகர்ப்ப சாஸ்திரம், ரசாயனம், சரித்திரம். பூந்தமல்லிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பற்றி எழுதினால் பட்டம் என்று, பட்டணத்துக் கல்லூரியில் சோதனையாக இவன் ஒருவனுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"மூணு மாட்ட ஒரே நொகத்துல பூட்டினா எந்தப் பக்கம்டா போவும் வண்டி?" என்று தசரதன் கேட்டார்.

"ஒரு ஊர்த் தண்ணியப் புரிஞ்சிக்கணும்னா அடியில கீற மண்ணு தெரியணும், தண்ணியில கரைஞ்சது தெரியணும், மேல மனுஷன் இன்னா பண்ணிட்டுப் போனான்னும் தெரியணும் நைனா. ஒண்ணு வுட்டாலும் தப்பாப் பூடும்."

மூன்று துறைகளும் மூன்று கட்டடங்களில் இருந்தன. ரசாயனக்காரர் சரித்திரத்தை வம்பு என்பார். சரித்திரக்காரர் ரசாயனத்தை நாற்றம் என்பார். பூகர்ப்பக்காரர் தரையைத் தவிர யாரையும் பார்த்துப் பேசமாட்டார். அவர்களுக்கு நடுவே ஓடி ஓடி வரதன் தேய்த்த செருப்புகளைச் சேர்த்தால் ஒரு முழு எருமையைத் திருப்பித் தைத்துவிடலாம்.

போன தீபாவளிக்கு நாகவல்லி புகுந்த வீடான திருநின்றவூரிலிருந்து வந்திருந்தபோது வரதன் ஊர்க் கிணறுகளின் தண்ணீரையெல்லாம் புட்டிகளில் பிடித்தான். "பேரு எழுதக்கூடாதுக்கா. எந்தக் கெணறுன்னு தெரிஞ்சா வாத்தியார் மனசு முன்னாடியே தீர்ப்பு சொல்லிடும்," என்றான். அடையாளத்துக்குப் புட்டிக்கொரு நிறத்தில் கந்தல் கட்டினாள் அவள். தசரதனுக்குப் பொறுக்கவில்லை.

"என் கெணத்துக்குக் கந்தலா? உன் கூரைப் பொடவையில கிழிடி!"

கிழித்தாள். சிவப்பில் மஞ்சள் கட்டம். அப்பாவின் கிணற்றுப் புட்டி மணப்பெண் மாதிரி பட்டணம் போனது.

தை பிறந்ததும் வரதன் படுத்தான். வயிற்றுவலி, வாந்தி, காலில் ஓயாத எரிச்சல். பூந்தமல்லி டாக்டர் நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நாகவல்லி மறுபடி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. வேறு தண்ணீரை யார் கொடுப்பார்கள்?

பாடை கிளம்பியது. கல்யாணமாகாத பிள்ளைக்குத் தகப்பனே கொள்ளிச் சட்டி தூக்கினார். ஆண்கள் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வரதன் கிடந்த பாயையும் துணிகளையும் சுருட்டிக் கொல்லையில், கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி வைத்தாள் நாகவல்லி. தீட்டுத் துணி எடுக்க வண்ணான் வருவான். அதுவரை அதன் பக்கம் நாய்கூடப் போகாது.

அப்போதுதான் ஆவடிப் பாதையில் புழுதி எழும்பியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஜட்கா. கலெக்டர்தான் வருகிறார் என்று தெருவே எழுந்து நின்றது. சாவுத் தந்தி கிடைத்து, ஒரே ரயிலில் மூன்று பெட்டிகளில் வந்து, ஆவடியில் ஆளுக்கொரு ஜட்கா பிடித்து, தனித்தனியாக மூன்று பேராசிரியர்கள் இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்க எங்க இங்கே?"

"என் மாணவன் சார்."

"உங்க மாணவனா? என் மாணவன்."

மூன்றாமவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் மாணவன்தான்," என்றார்.

பந்தலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தாள் நாகவல்லி. உடல் போய்விட்டது என்று தெரிந்ததும் மூவரும் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். முனியம்மா தன் வீட்டில் பிடித்து வைத்திருந்த இந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து ரசாயனக்காரர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க சாமி. ஊர் பேரு சொல்ற தண்ணி."

அவர் சொம்பை எடுத்தார். விரல் நுனிகளெல்லாம் மருந்துபட்டு மஞ்சளாக இருந்தன. குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல மூளை அந்தப் பையனுக்கு," என்றார் சரித்திரக்காரர். "கிழக்கே ஒரு மேடு இருக்கே, வெறும் மேடுன்னு நெனச்சிருந்தேன். அறுபது வருஷம் முன்னாடி அங்கே ஒரு வெள்ளைக்காரன் தோல் கிடங்கு வச்சிருந்தானாம். கப்பல்ல போற தோலைப் புழு அரிக்காம இருக்க வெள்ளைப் பாஷாணம் தடவுவாங்க. கிடங்கு நொடிச்சுப் போனப்போ மிச்சத்தை அங்கேயே குழி வெட்டிப் புதைச்சாங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சான்."

பூகர்ப்பக்காரர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அந்த மேடா? அதுக்கு அடியில களிமண் படுகை மேற்கே சரிஞ்சு கிடக்கு. மேட்டுல பெய்யற மழை வேற எங்கேயும் போகாது. நேரா..." திரும்பி, கொல்லைக் கிணற்றின் கப்பியைப் பார்த்தார்.

ரசாயனக்காரர் சொம்பைத் தரையில் வைத்தார்.

"நேத்துதான் கணக்கு சரிபார்த்தேன்," என்றார் மெதுவாக. "எல்லாப் புட்டியும் வெறும் உப்பு. ஒண்ணுல மட்டும் பாஷாணம், நாள்பட்டா உள்ளங்கையில முடிச்சு விழவச்சு ஆளையே கொல்ற அளவுக்கு. தப்பு பண்ணிட்டேனோன்னு மூணு தடவை செஞ்சேன். எந்தக் கிணறுன்னு அவன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"புட்டியில இன்னா துணி சாமி?" என்றாள் நாகவல்லி.

"சிவப்பு. மஞ்சள் கட்டம் போட்டது. ஏம்மா?"

தெருவில் முனியம்மா யாருக்கோ மிட்டாய்க்கடைக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாகவல்லி குனிந்து சொம்பை எடுத்து, தண்ணீரைப் பந்தற்காலடியில் கவிழ்த்தாள். ஊற்றிய கையைப் பார்த்தாள். கரண்டி பிடித்த கை.

"இந்த ஊட்டுக் கெணறுதான் சாமி," என்றாள்.

மூன்று படிப்பும் முதல் முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

"உங்க அப்பா வரட்டும். நான் எடுத்துச் சொல்றேன்," என்றார் ரசாயனக்காரர்.

"சொல்லாதீங்க." அவள் குரல் தணிந்திருந்தது. "அந்தக் கெணத்த அவரு கையால வெட்டனாரு. புள்ளைக்குக் கொள்ளி வெக்கப் போயிருக்காரு. திரும்பி வந்ததும் இது வேற தெரியணுமா? அப்புறம் அவரு இருப்பாரா?"

"கிணத்தை மூடணுமேம்மா. சர்க்காருக்கு எழுதறேன். ஆள் வர ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகலாம்."

பாதையில் குரல்கள் கேட்டன. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும். மாசி வெயிலில் நெருப்பின் பக்கத்தில் நின்ற தொண்டைகள். கொல்லை வழியாக வந்து, கிணற்றில் இறைத்துத் தலைமுழுகி, வாய் கொப்பளித்து, வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். முன்னால் வந்தவன் அதற்குள் வேலியைத் தாண்டிக் கப்பிக் கயிற்றைப் பிடித்துவிட்டான்.

நாகவல்லி கொல்லைக்கு நடந்தாள். ஓடவில்லை. சுருட்டி வைத்த பாயையும் துணிகளையும் இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாயில் இன்னும் அவன் வாசனை இருந்தது. கயிறு பிடித்தவன் அலறி விலகினான். அவள் கிணற்றுச் சுவர்மேல் சாய்ந்து எல்லாவற்றையும் உள்ளே போட்டாள்.

"ஐயையோ! பொணத்துப் பாயக் கெணத்துல போட்டுட்டாளே!"

"பித்து புடிச்சிடிச்சிடா இவளுக்கு!"

"இனி முழுக்க எறைச்சுப் பூசை போட்டாலும் எவன்டா இதுல வாய் வெப்பான்?"

"அடிப்பாவி, ஊரு வாயில மண்ணப் போட்டியேடி!" முனியம்மா குடத்தைக் கீழே போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். சாவுக்கு அழுததைவிட இதற்கு அதிகமாக அழுதாள். அந்த ஓலத்துக்குப் பூந்தமல்லி பஸ் நின்றுபோயிருக்கும்.

கூட்டம் விலகியது. தசரதன் கொள்ளிக்குடத்துத் தண்ணீரில் நனைந்த வேட்டியோடு வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஏண்டி?"

பெஞ்சில் மூவரும் எழுந்து நின்றார்கள். நாகவல்லி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தம்பிக்கு இந்தத் தண்ணின்னா உசிரு நைனா. அவனே வெச்சிக்கட்டும்னு குடுத்துட்டேன்."

தசரதன் கையை ஓங்கினார். அவள் விலகவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முண்டும் முடிச்சுமாக, தேரையின் முதுகு மாதிரி. அவள் எங்கே பார்க்கிறாள் என்று அவரும் பார்த்தார். ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது. அதை ஒரு முறை விரித்து, மூடி, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மாலையில் பேராசிரியர்கள் மூவரும் ஒரே ஜட்காவில் ஏறிப் போனார்கள். மற்ற இரண்டும் காலியாகப் பின்னால் போயின. தசரதன் கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றி, சொட்டச் சொட்டச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. கீழே தண்ணீரில், கட்டு அவிழ்ந்த பாய் ஒரு ஓரத்திலிருந்து தானாக விரிந்துகொண்டிருந்தது, யாரோ படுக்கப் போகிற மாதிரி.