மூன்றாவது வீடு

கோமதியம்மாள் தெருவின் நடுவில் நின்று, வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்த பெட்டிக் காமிராவின் மேல்கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தச் சதுரத்துக்குள் எதிர்வீடு இடம் வலம் மாறித் தெரிந்தது. வாசற்படி, இரண்டு ஜன்னல், ஓட்டுக்கூரை, கூரைக்குப் பின்னால் ஒரு தென்னை. எல்லாம் இருந்தன, வெயில்தான் இல்லை. ஆடிச் சாரல் மலையிலிருந்து இறங்கி மேலகரம் முழுவதையும் சாம்பல் நிறமாக்கியிருந்தது.

வெளிச்சம் போதாமல் எடுத்தால் சுவரும் ஓடும் ஒரே கறுப்பாக விழும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். சுருளில் மிச்சம் இரண்டே படம். அவள் காமிராவை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

அவள் அப்பா நாறும்பூநாத பிள்ளையைத் தென்காசியில் பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. 'வீடு பாக்குத பிள்ளை' என்றால் தெரியும். பாகப்பிரிவினையோ அடமானமோ வழக்கோ, ஒரு வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று யாருக்காவது தெரியவேண்டி வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் அந்த வீட்டைப் பார்ப்பார். பிறகு அதைப் போலவே கட்டப்பட்டு, சமீபத்தில் கைமாறிய வேறு மூன்று வீடுகளைத் தேடிப் போவார். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், அளந்து, சுவரைத் தட்டி, தெருவில் நின்று படம் பிடித்து, அந்த மூன்றோடும் ஒப்பிட்டுத்தான் எழுதுவார். யார் சொன்னதையும் கேட்டு எழுதமாட்டார். முப்பது வருஷமாக ஊர் ஊராக இப்படி அடுத்தவர் வீட்டைப் பார்த்துத் திரிந்தவர். சொந்த வீட்டில் மகளோடு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

குற்றாலம் போகும் சாலையை அகலப்படுத்துவதற்காக சைதூன் பீவி என்ற விதவையின் வீட்டை சர்க்கார் எடுத்துக்கொள்ள இருந்தது. வியாழக்கிழமை விசாரணை. அதற்குள் பிள்ளையின் ரிப்போர்ட் போய்ச் சேராவிட்டால், என்ன போடுகிறார்களோ அதை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் எழுந்துபோக வேண்டியதுதான். தென்காசியில் ஒரு வீடு, இலஞ்சியில் ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. மூன்றாவதான இந்த மேலகரத்து வீட்டுக்குப் புறப்பட்ட அன்றுதான் அவருக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் வந்து, படுக்கையைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், இன்று காலை மகளைக் கூப்பிட்டார்.

"நீ போயி பாத்துட்டு வா. வந்தப்பொறவு உன்னய நிறுத்தி வச்சுக் கேப்பேன். கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கோமதிக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் கொழும்புக்குப் போய் எட்டு வருஷமாகிறது. அவனிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து ஆறு வருஷம். அடுத்த வீட்டுப் பாலம்மாளை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, காமிராவையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் வந்து இறங்கியிருந்தாள்.

வீட்டுக்குள் வேலையை முடித்துவிட்டாள். முன்கட்டு, முற்றம், கிணறு எல்லாம் அளந்தாகிவிட்டது. அப்பா செய்வதைப் போலவே விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனபோது, பின்கட்டில் சத்தம் மாறியது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். மேலே சுண்ணாம்பு, உள்ளே மண். அதைத் தாளில் குறித்துக்கொண்டபோது அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இதை அவர் கட்டாயம் கேட்பார். தனக்குப் பதில் தெரியும்.

வீட்டுக்காரர் மனைவி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து இருக்கலாமே, காப்பி போடுகிறேன் என்றாள். கோமதி வேண்டாம் என்றாள். இரண்டு முறை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். படம் இல்லாமல் போனால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குப் பயந்தே நின்றாள்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனபிறகு மேகம் விலகி, தெருவில் சுள்ளென்று வெயில் விழுந்தது. ஓடுகள் ஈரத்தோடு மின்னின. அவள் ஓடிப்போய் அதே இடத்தில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். பின்பக்கத்துச் சிவப்புத் துளையில் எட்டு என்ற எண் வரும்வரை சாவியைத் திருகினாள்.

திரும்ப வண்டி கிடைக்கவில்லை. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஈரத் தலையும், பிழிந்த வேட்டியும், சிரிப்பும். கையைக் காட்டினாள், எதிலும் இடமில்லை. மறுபடி சாரல் விழ ஆரம்பித்தது. அப்பா என்னென்ன கேட்பார் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே தென்காசிவரை நடந்தாள்.

பாலம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள். தெருமுனையிலேயே கோமதிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் நடையை வேகப்படுத்தவில்லை.

உச்சிக்காலத்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போய்விட்டாராம். வலி ஒன்றும் இல்லையாம். தண்ணீர் கேட்டு, ஒரு மிடறு குடித்திருக்கிறார். பாலம்மாள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கினாள்.

"ரெண்டு மட்டம் கேட்டாவ. 'அங்கன வெயில் அடிக்கா'ன்னு. நான் என்னத்தக் கண்டேன். அடிக்கி அண்ணாச்சின்னு சொன்னேன். அதுக்குப்பொறவு பேசல."

கோமதி உள்ளே போனாள். உச்சிக்காலம் என்றால், அவள் அந்தச் சுவரோரம் நின்றுகொண்டிருந்த நேரம். படத்துக்கு வெளிச்சம் வந்ததா என்று கேட்டாரா, மகள் நனைந்துகொண்டு நிற்கிறாளே என்று கேட்டாரா? பாலம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமில்லை அது. காமிராவை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பழைய துண்டொன்றைக் கிழித்து, தாடைக்குக் கீழே கொடுத்து நாடியைக் கட்டினாள்.

அவருடைய மேஜையில் ரிப்போர்ட் கிடந்தது. நிமிர்ந்த, சின்னச் சின்ன எழுத்து. முதல் வீடு, இரண்டாவது வீடு. மூன்றாவது வீடு என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும் இடமும் காலி.

திருவேங்கடத்திலிருந்து சித்தப்பா ஞானசம்பந்தம் மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தார். அண்ணன் காலடியில் விழுந்து சத்தமாக அழுதார். அழுது முடித்ததும், அண்ணனுடைய படம் ஒன்றும் வீட்டில் இல்லையா என்று கேட்டார். இல்லை. பெட்டி நிறையப் படங்கள் இருந்தன; எல்லாம் வீடுகள். காமிரா எப்போதும் அவர் கையில்தான் இருந்தது, அவர் அதற்கு முன்னால் நின்றதேயில்லை.

சித்தப்பாவின் பார்வை ஜன்னல் கட்டைக்குப் போனது. நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிடலாமே, ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்றார். யாருக்கு இதை எடுக்கத் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். பாலம்மாள் கோமதியைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது" என்றாள் கோமதி.

"வெளிய கொண்டுபோவும்போது எடுக்கலாம்லா?"

கோமதி திரும்பி அப்பாவின் நாடிக்கட்டைச் சரிசெய்தாள்.

சைதூன் பீவி வந்து பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில், வெள்ளைத் துப்பட்டியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது கோமதியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கெணத்துத் தண்ணிய ஒரு கெளாசு வாங்கிக் குடிச்சாவ, தாயீ. குடிச்சுட்டு, நல்லாருக்குன்னு அதையும் தாள்ல எழுதிக்கிட்டாவ" என்றாள்.

அப்பாவைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது சாரல் விட்டிருந்தது. தெரு முழுக்க வெயில். அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும், ஐந்தாறு நாள் நரைத்தாடியும் தெளிவாகத் தெரிந்தன. சித்தப்பா திரும்பி அவளைப் பார்த்தார். கோமதி காமிராவை எடுக்க உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, பாடை தெரு திரும்புகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாத்து முடிந்தது. பருத்தி விதைக்க நிலத்தை உழுது போட்டிருப்பதாகவும், பதினாறாம் நாளுக்கு வந்து கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சித்தப்பா சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு, நாளைக்கு விசாரணைக்குப் போகப் போகிறேன் என்றாள். சித்தப்பா முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும், துக்க வீட்டுப் பொம்பளை தாலுகா ஆபீஸ் படியேறுவதா என்றார். ஆம்பிளைகள் நாலு பேர் சிரிப்பார்கள் என்றார். செத்தவரோடு அந்த வேலையும் போயிற்று என்றார். அவர் சாயங்காலத்து பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே சுருளைக் கழற்றி ஸ்டூடியோவில் கொடுத்து, மறுநாள் காலை படங்களை வாங்கிக்கொண்டாள். மேலகரத்து வீடு நன்றாக விழுந்திருந்தது. கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. எட்டாவது படம் எடுக்கப்படவில்லை என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். தெரியும் என்றாள்.

மேஜைமுன் உட்கார்ந்து, மூன்றாவது வீடு என்ற தலைப்புக்குக் கீழே தன் கையால் எழுதினாள். அவள் எழுத்து பெரிது, வரிகள் சாய்ந்தன. தான் பார்த்ததை மட்டும் எழுதினாள்.

விசாரணை அதிகாரி நடுவயதுக்காரர். பிள்ளையவர்களைப் பல வருஷமாகத் தெரியும் என்று வருத்தம் சொன்னார். பிறகு தாள்களைப் புரட்டினார். மூன்றாவது வீட்டில் எழுத்து மாறுவதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இது அப்பா சொல்லி நீங்க எழுதினதாம்மா?"

"இல்ல. இத எழுதும்போது அப்பா இல்ல."

"வீட்ட அவர் பார்த்தாரா?"

"அவுஹ பாக்கல. நான் போயிப் பாத்தேன். அளந்தேன். பின்கட்டுச் செவரத் தட்டிப் பாத்தேன், மண்ணு. பீவியோட வீட்ல எல்லாச் செவரும் செங்கல்."

அவர் இன்னும் நிறையக் கேட்டார். கிணறு எத்தனை உறை, உத்திரம் என்ன மரம், முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னாள். நடந்து வந்த வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்கள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கடைசியில் அவர் பேனாவை நீட்டி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள் என்றார்.

பீவியின் வீட்டுக்கு என்ன உத்தரவு வந்தது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முதலில் சொன்ன தொகையைவிட நன்றாகவே கூட்டிப் போட்டார்கள். சைதூன் பீவி மேலப்பாளையத்தில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. விசாரணைக்கு வந்திருந்த பீவியும் கோமதியும் ஆபீஸ் படியிறங்கி, ஒரே குடையில் கோவில் வாசல்வரை வந்தார்கள். அங்கே பாதை பிரிந்தது. குடையைக் கொண்டுபோகும்படி பீவி சொன்னாள். கோமதி வாங்கவில்லை.

வீடு பூட்டியிருந்தது. காலையில் பாலம்மாள் தன் வீட்டுப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இந்த வீட்டுக்கு அதுவரை பூட்டுத் தேவைப்பட்டதில்லை. அப்பா வெளியே போனால் அவள் இருப்பாள். அவள் போனால் அப்பா இருப்பார். சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடிபடவில்லை. சாரலில் நனைந்துகொண்டே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே போல, பூட்டு வாயைத் திறந்துகொண்டது.

கதவைத் தள்ளி உள்ளே வந்தாள். பூட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றாள்.