நாற்பத்தொரு கோப்பை

கடைகள் எல்லாம் தல் ஸர்வாவுக்கு. குப்பைக் கிடங்கும் லாரி நிறுத்தமும் ஐன் தூத்துக்கு. இரண்டு நகராட்சிக்கும் பொதுவான நெடுஞ்சாலை நிலத்தை இப்படித்தான் பிரித்து வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார் தல் ஸர்வா தலைவர் அபூ நாயிஃப். கறி எனக்கு, புழுக்கை உனக்கு! கிடங்கு வரவிருந்த இடத்தில்தான் ஐன் தூத்தின் காய்கறிச் சந்தை இருந்தது. பிர்யால் அங்கே கீரை விற்பவள். சந்தைக்காரர்கள் ஓட்டுப் போட்டு நகராட்சி உறுப்பினரானவள்.

அபூ நாயிஃப் பதினோரு பெரிய மனிதர்களோடு ஐன் தூத் நகராட்சிக்கு வந்திருந்தார். காப்பி வந்தது. ஒருவரும் வாயில் வைக்காமல் கோப்பைகளைத் தரையில் இறக்கினார்கள். கேட்டதைக் கொடுக்காமல், காப்பியை ஆறவிட்டு விருந்தாளியை அனுப்பினால் தலைகுனிவு யாருக்கு? வீட்டுக்காரனுக்குத்தான்.

"கையெழுத்துப் போட்டாத்தான் குடிப்போம்" என்றார் அபூ நாயிஃப்.

ஐன் தூத் தலைவர் அபூ கஸ்ஸான் ரொம்ப நல்லவர், அதுதான் வினை. "குடிங்க..." என்று வாயெடுத்துவிட்டார்.

"பொறுங்க தலைவரே!" பிர்யால் எழுந்தாள். "தவணை கேக்கறதும் வழக்கம்தானே? நாளைக்குப் பதில் சொல்றோம்."

"பொம்பளை பேச்சைக் கேட்டா சபை நடத்துறீங்க?" என்றார் அபூ நாயிஃப்.

"கீரைக்காரி பேச்சுண்ணே. எங்க சரக்கு ரெண்டு நாள் தாங்காது. நாளைக்குன்னா நாளைக்குத்தான்."

மறுநாள் காலை தல் ஸர்வா நகராட்சி வாசலில் மூன்று பிக்கப் வண்டிகள் வந்து நின்றன. தக்காளிக்காரன், வெங்காயக்காரி, கத்தரிக்காய்க்காரன் என்று நாற்பது பேர், சந்தைச் சேறு காயாத செருப்போடு பிர்யாலின் பின்னால் இறங்கினார்கள். வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றாமல் இருக்க முடியுமா? கோப்பை போதவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கிவந்து ஊற்றினார்கள். நாற்பத்தொரு கோப்பையும் தரையில் இறங்கின.

அபூ நாயிஃபின் முகம் கறுத்தது. "என்னம்மா இது?"

"நேத்து நீங்க செஞ்சதுதான். சந்தை இருக்கற எடத்துலயே இருக்கணும். கடையில பாதி எங்களுக்கு, குப்பையில பாதி உங்களுக்கு. குடுத்தா குடிக்கிறோம்."

"நேத்து நாங்க குடிக்காம வச்ச காப்பி?"

"உங்களுது பன்னெண்டு. எங்களுது நாப்பத்தொண்ணு. எந்த அவமானம் பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

கோப்பை கொடுத்த வீட்டுக்காரர்கள் அதற்குள் வாசலில் கூடிவிட்டார்கள். "எங்க வீட்டுக் கோப்பை அபூ நாயிஃப்! விருந்தாளி குடிக்காமப் போனா ஊரே சிரிக்கும்!" என்று ஒருவர் கத்தினார்.

அபூ நாயிஃப் பல்லைக் கடித்தார். "சரி சரி, குடிங்க."

"கையெழுத்துப் போட்டாத்தான் குடிப்போம்" என்று பிர்யால் புது வரைபடத்தை அவர் முன் விரித்தாள்.

அவர் போட்டார். பேனா காகிதத்தைக் கிழிக்காதது ஆச்சரியம்.

ஆறிப்போன கசப்புக் காப்பியைப் பிர்யால் ஒரே மடக்கில் குடித்தாள். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்டித் திருப்பித் தர வேண்டும். அவள் ஆட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்று நீட்டினாள். "இந்தத் தடவை சூடா."