நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு துறைமுகம்

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்த மறுநாள் காலையிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு ஆடத் தொடங்கியது. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த அந்த ஒரு வீடு மட்டும்தான் ஆடியது. மேல்வீடும் கீழ்வீடும் பக்கத்து வீடும் எப்போதும்போல நின்றன. பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. மேசைமேல் வைத்த டம்ளர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து போகும், கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வரும், அவ்வளவுதான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, கூடத்தின் நடுவே காலை அகட்டி நின்று பார்த்துவிட்டு, கட்டடத்துக்கு ஆபத்தில்லை, குழாயில் உப்புத் தண்ணீர் வந்தால் மட்டும் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டுக்காரி, மேலேயிருந்து அலைச்சத்தம் கேட்பதால் குழந்தை சீக்கிரம் தூங்கிவிடுகிறது என்று படியேறி வந்து நன்றி சொன்னாள்.

மெக்கானிக்கின் மனைவிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எதிர்பார்த்த ஒன்று தாமதமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். அவள் திரைச்சீலை தைக்கிறவள். ஊரில் பாதி வீடுகளின் ஜன்னல்களை நாடா பிடித்து அளந்தவள் அவள்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அளவெடுக்கும் சாக்கில் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வாள். பிறகு அந்தக் காட்சியை மூடத் துணி வெட்டுவாள். அவள் புருஷனோ பிழைப்பு முழுவதும் மேலேயும் கீழேயும் போய்வந்தவர். கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு மேல்கீழார் என்றே பேர் வைத்திருந்தார்கள். எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் கை கழுவாமல் ஓடுவார். மலைக்குப் போகலாம் என்று கிளம்பியபோது ஒரு மருத்துவமனை லிஃப்ட் நின்றது. தங்கை மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த லிஃப்டே நின்றது. ஓய்வு பெற்ற பிறகும் கைப்பேசி அடித்துக்கொண்டேதான் இருந்தது. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்று இருந்தவள், ஒருநாள் தானே போய்ப் பதிவு செய்துவிட்டு வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் நிதானமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் நடுவுல லிஃப்ட்டு கிஃப்ட்டுன்னு ஓடினீங்கன்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

"யாரு ஓடப் போறா?" என்றார் அவர். அவருடைய டம்ளர் அவரை விட்டு மெல்ல நகர்ந்தது அதற்கு மறுநாள்தான்.

யோசனை சொல்லும் பொறுப்பை அவள் தங்கை எடுத்துக்கொண்டாள். தங்கை மூன்று முறை கப்பலில் போய்வந்தவள். ஒரு முறை போயிருந்தால் மனுஷியாகவே இருந்திருப்பாள். மூன்று முறை போனதில் அதிகாரியாகிவிட்டாள். தினமும் போனில் கூப்பிட்டு உத்தரவு போட்டாள். அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்கு, முனையில் இருக்கும் அறைதான் அதிகம் ஆடும். தலைக்குமேல் நடனக்கூடமோ சமையலறையோ இல்லையா என்று பார். கப்பல் கிளம்புகிற அன்று காலையில் துறைமுகத்துக்குப் போய் இறங்காதே, முதல் நாளே போய்த் தங்கு. ரயிலுக்கு உன் அவசரம் தெரியாது. பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகும், அதனால் மாத்திரையும் மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்கட்டும். இடுப்பில் நாடா வைத்த உடுப்பாக எடுத்துக்கொள், ஏன் என்று மூன்றாம் நாள் தெரியும். "எல்லாத்தையும் விட முக்கியம், அக்கா, கரையில இறங்கினா கப்பல் டயத்தைப் பாரு, உன் போன் டயத்தைப் பாக்காத. கப்பல் யாருக்கும் நிக்காது. மாமாவுக்கு நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு."

மற்றவர்கள் இந்தப் புத்திமதியை நம்பித்தான் ஆகவேண்டும். இவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். கோடியிலிருந்த படுக்கையறை உண்மையிலேயே அதிகம் ஆடியது. குளியலறைக்கு வெளியே, வீட்டின் நட்டநடுவில், ஆட்டம் அநேகமாக இல்லை. மெக்கானிக் பாயைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனார். பட்டினி கிடந்தால் குமட்டல் அதிகம், வயிறுமுட்டத் தின்றாலும் அதிகம், இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பால்கனியில் நின்று தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்தால் குறையும் என்று கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அவர் முகம் வெளிறித்தான் கிடந்தது. "மேலயும் கீழயும் போனா எனக்கு ஒண்ணும் ஆகாது. இது பக்கவாட்டுல இல்ல போகுது" என்று முனகினார். அவளுக்கோ பசி அதிகமாயிற்று. ஒரே தொந்தரவு, வீட்டில் மாட்டிப் பார்த்த திரைகள் எல்லாம் சாய்ந்து சாய்ந்து தொங்கின. சரிபார்க்க வந்த வாடிக்கையாளர்களும் தலையைச் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்து, சராசரி எடுத்துச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். மாதங்கள் இப்படியே போயின. பயண நாளன்று இருவரும் பெட்டியோடு வாசலைத் தாண்டியதும் வீடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. பிறகு அது ஆடவே இல்லை.

கப்பலில் அவள் கேட்டு வாங்கியது ஜன்னல் வைத்த அறை. உள்ளே நுழைந்ததும் திரையின் மடிப்பைப் புரட்டிப் பார்த்தாள், தையல் சுமார் என்று உதட்டைப் பிதுக்கினாள், ஓரமாக ஒதுக்கிக் கட்டினாள். அப்புறம் அதைத் தொடவில்லை. மிதவைச் சட்டை போட்டுக்காட்டும் பயிற்சிக்கு எல்லோரும் சலித்துக்கொண்டு போக, இவர்கள் முதல் வரிசையில் நின்றார்கள். வீட்டில் பழகியிருந்ததால் மெக்கானிக்குக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. உலகத்துப் பண்டமெல்லாம் பரப்பிவைத்த கூடத்தில் அவர் தினமும் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நடுக்கடலுக்குப் போனாலும் நாய்க்கு நக்குத் தண்ணிதான் என்று அவள் வாய்வரை வந்ததை, புருஷனாயிற்றே என்று விழுங்கிவிட்டு, இருவருக்குமாகச் சேர்த்துத் தானே சாப்பிட்டாள். கப்பலின் லிஃப்டுகளை அவர் பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டு நடந்ததையும் பெரிதுபடுத்தவில்லை. கைப்பேசிக்குக் கடலில் உயிரில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதை அங்கேதான் கேட்டாள்.

நாலாம் நாள் கப்பல் ஒரு மேட்டுப்பாங்கான ஊரில் நின்றது. துறைமுகத்திலிருந்து தெருக்கள் எல்லாம் படிப்படியாக மேலே ஏறின. உச்சியில் ஒரு சந்தை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் கடல் மூன்று பக்கமும் தெரியும் என்று சொன்னார்கள். கரையேறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பழைய விடுதியின் உள்ளேயிருந்து தட்டும் சத்தமும் திட்டும் சத்தமும் கேட்டன. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு முடிதிருத்துபவரும் அவருடைய மாமியாரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டியது அவர், திட்டியது அந்த அம்மாள். மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்."

"என்னங்க."

"உள்ள ஆளு இருக்காங்கம்மா."

அவளுக்கும் அது கேட்டது. என்ன செய்வாள், சரி என்று கூடத்திலிருந்த சோபாவில் உட்கார்ந்தாள். மாத்திரைப் பைக்குள்ளிருந்து அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் ஆயிற்று. சந்தைக்குப் போனவர்கள் பைகளோடு இறங்கி வந்தார்கள். அவர் கையெல்லாம் இயந்திரத்துக் கருப்பு மையோடு ஒருமுறை தலையை நீட்டி, பழைய மெஷின், அருமையான மெஷின் என்றார். கப்பல் நேரத்தைச் சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல "இதோ" என்று மட்டும் பதில் வந்தது. அவள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து கப்பலேறினாள்.

ஏணி வாசலில் இருந்த அதிகாரிக்கு இளகிய மனசு. ஒலிபெருக்கியில் மெக்கானிக்கைக் கூப்பிட வைத்தார், கரையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார், தவறவிட்டவர்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தாங்களே வந்து சேரவேண்டியதுதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்களும் இறங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். புருஷனிடம் பாஸ்போர்ட் இல்லை, மாற்றுச் சட்டை இல்லை, யாரிடமும் வழி கேட்கும் பழக்கமும் இல்லை. "இல்லைங்க. நீங்க கப்பலை எடுங்க" என்றாள். குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஊர் சிறுத்துப் போய்க் கோடாகும்வரை ஜன்னலில் நின்றாள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். இங்கே கப்பல் கவிழவே இல்லை. முகம் கழுவி, இருந்ததிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள்.

இரண்டுபேர் மேசையில் தனியாக உட்கார்ந்து சூப் குடித்தாள். சூடாக இருந்தது. மீன் வந்தது, அதுவும் சூடாக இருந்தது. தனியாகவும் சாப்பிட முடிகிறது என்பது தெரிந்தது. எதிர்நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட முடியவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டில் எது பெரிது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கூடத்துக்கு வெளியே லிஃப்ட் மணி அடித்தது. கதவுக்குமேல் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே, எண்ணே இல்லாத இடத்தில், ஒரு விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. அது கப்பல் லிஃப்ட் இல்லை. மரப்பலகையும் பித்தளைக் கைப்பிடியும் வைத்த விடுதி லிஃப்ட். உள்ளேயிருந்து முதலில் மாமியாரும், பிறகு முடிதிருத்துபவரும், கடைசியாக மெக்கானிக்கும் இறங்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டைப் பார்த்தார்கள். அதிகாரி வந்து மெக்கானிக்கின் பயணி அட்டையை வாங்கி இயந்திரத்தில் தேய்த்தார், அது பச்சை காட்டியது, தாமதமாகிவிட்டது என்று மென்மையாகக் கண்டித்துவிட்டுப் போனார்.

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். கை முழுக்க மை.

"சரி பண்ணிட்டு, நானும் அவங்களோட ஏறி, சோதிக்க மேல அமுக்கினேன். கொஞ்சம் ஏறுச்சு. அப்புறம் பக்கவாட்டுல திரும்பிருச்சு" என்றார். "தண்ணிக்கு மேல. சத்தமே இல்ல."

அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "வயித்தப் பொரட்டுச்சா?" என்றாள்.

"பொரட்டுச்சு." அவர் மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "லிஃப்ட்டால இல்ல. அதுல ஏறுறதுக்கு முன்னாடி வெளிய வந்தேன், சோபாவுல நீ இல்ல. கப்பலும் கரையில இல்ல. அப்பதான் பொரட்டுச்சு."

அவள் முள் எடுத்த மீனை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிட்டார். ரொட்டி கேட்கவில்லை.

"நான் அந்த ஊரையே பாக்கல" என்றாள் அவள். "கடல் மூணு பக்கமும் தெரியுமாமே. நான் பாத்தது அந்த சோபா உறையைத்தான். அதுலயும் தையல் விட்டிருந்துச்சு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மாமியாருக்கு யாரோ நாற்காலி போட்டு இனிப்புக் கிண்ணம் கொடுத்திருந்தார்கள். மருமகனுக்கும் ஒன்று கொடுங்கள், உள்ளே திட்டித் திட்டி எனக்கும் கேட்டுக் கேட்டு அவனுக்கும் தொண்டை காய்ந்துவிட்டது என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கதவு திறந்தபடியே இருந்தது. "வா" என்றார் மெக்கானிக். போகிற வழியில் இருவரும் அதிகாரியிடம் அட்டையைக் காட்டினார்கள். ரொம்ப நேரம் ஆக்கிவிடாதீர்கள் என்றார் அவர்.

லிஃப்ட் மறுபடி விடுதியில் போய் நின்றபோது ஊரில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. விடுதியை விட்டு வெளியே வந்ததும் அவர் படிகளை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஏறத் தொடங்கினார். அவர் படியேறி அவள் பார்த்ததே இல்லை. நாலு படிக்கு ஒருமுறை நின்றார், அவளும் நின்றாள். உச்சிச் சந்தையில் கடைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மிச்சமிருந்த ஆரஞ்சுகளை மலிவாகக் கொடுத்தாள். சொன்னது உண்மைதான், கடல் மூன்று பக்கமும் தெரிந்தது. வெகுதூரத்தில், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது.

"அதோ பாருங்க, நம்ம கப்பல்" என்றாள் அவள்.

அவர் ஆரஞ்சை உரித்துப் பாதியை அவளிடம் கொடுத்தார். "போகட்டும்" என்றார். இருவரும் உட்கார்ந்து தின்று முடித்தார்கள்.